ஆயக்குடி பதினாலு

பதினாலாம் எண்ணுக்கு ஆறு மாத மாத்திரை போதும் என்று நானா எழுதினேன்? அந்த அம்மாளுக்கு இரண்டு வருடம் அல்லவா?

மணிமேகலை கம்ப்யூட்டர் திரையை மறுபடி படித்தாள். ஆண், வயது ஐம்பத்திரண்டு, சிகிச்சை முடிந்தது, மாத்திரையை நிறுத்தலாம். ஆயக்குடியின் பதினாலு ஒரு பெண். கொய்யாத் தோப்பில் பழம் பறிப்பவள். மரத்துப்போன விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "எம் பேரு எங்கயும் எழுத வேண்டாமுங்க" என்றவள். இன்னும் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட வேண்டியவள்.

திண்டுக்கல்லில் தொழுநோய்க்கு மருந்து கொடுக்கும் அந்தச் சிறிய நிலையத்தில், நோயாளியின் பெயரோ ஊரோ எந்த ஃபைலிலும் கிடையாது. வெளியே தெரிந்தால் வீட்டில் கல்யாணங்கள் நின்றுபோகும். நிலக்கோட்டை, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி என்று ஊருக்கு ஒரு டைரக்டரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றிலிருந்து எண்கள், எண்ணுக்கு ஒரு நோயாளி. இந்த ஏற்பாடு மணிமேகலையுடையது. கம்ப்யூட்டரில் ஏற்றியபின் காகித அட்டைகளைக் கிழித்துப் போட்டவளும் அவள்தான். அன்றைக்கு அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரவல் கம்ப்யூட்டர் இன்று நாலு மணி வேனில் மதுரைக்குத் திரும்புகிறது. சொந்தக் கம்ப்யூட்டர் அடுத்த வாரம் வரும். அதற்காக நேற்று ஃபைல்களையெல்லாம் ஒரு பழைய புரோகிராமால் சுருக்கி ஒரே கட்டாக்கி பிளாப்பியில் ஏற்றினாள். எல்லாம் முடிந்தது என்று சூப்பர்வைசர் அப்துல் சுக்கூரிடம் சொல்லியும் விட்டாள். ஆனால் கட்டு அவ்வளவு சிறியதாக இருந்தது உறுத்தியது. காலையில் அசலைத் தொடாமல் அதை வேறொரு டைரக்டரியில் பிரித்துப் பார்த்தாள். கட்டுக்குள் போன ஃபைல்கள் நூற்றுப் பன்னிரண்டு. வந்தவை நாற்பத்து மூன்று. அத்தனையும் கடைசியாகப் போன நெய்க்காரப்பட்டி.

கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்திருந்த பிரபு எட்டிப் பார்த்தான்.

"அந்தப் பழைய புரோகிராம் ஊரெல்லாம் பாக்காதுக்கா. அதே நம்பர்ல இன்னொரு ஆள் வந்தா மொத ஆளத் தூக்கிட்டு அவன் பாயில இவனப் படுக்க வச்சிரும்."

அவனிடம் புதிய புரோகிராம் ஒன்று இருந்தது. டைரக்டரியோடு சேர்த்தே கட்டும் என்றான். கட்டினாள், பிரித்தாள், அதுவும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டப் பார்த்தது. கட்டும்போது இரண்டு எழுத்து, பிரிக்கும்போது ஓர் எழுத்து, கட்டளையோடு சேர்த்து அடித்தால்தான் இது ஊரைப் பார்க்கும் என்று பிரபு அதோடு வந்த தாளைப் புரட்டிக் கண்டுபிடித்தான். மறுபடி செய்தாள். நிலக்கோட்டை முழுதாக வந்தது. மற்ற இரண்டு ஊரையும் கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். மணி மூன்றே முக்கால்.

நேற்று இதே போலத்தான் நம்பினேன். இனி எதை வைத்து நம்புவது?

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்துல் சுக்கூர் ஒரு தாளோடு வந்தார். நோயாளிகளின் விவரம் மதுரைக்குப் போகக்கூடாது, ஹார்டு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய கவலை. அது நியாயமும்தான். தாளில் எல்லாம் நகலெடுக்கப்பட்டது, அழிக்கப்பட்டது என்று தட்டச்சாகி, கீழே அவள் பெயர் இருந்தது.

"ஏம்மா, நேத்தே முடிஞ்சிருச்சுன்னு நீதான சொன்ன? அழிச்சிட்டு ஒரு கையெழுத்தப் போடு."

"நான் சொன்னது தப்பு சார்."

அவர் அவளையே பார்த்தார். ஒன்றரை வருடமாக அவளைத் தப்பே செய்யாதவள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தப் பார்வைக்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டபோது அது அப்படியொன்றும் பெரிதாக இல்லை. ஆயக்குடி அம்மாள் அடுத்த மாதம் பஸ் ஏறி வந்து மாத்திரைக்குக் கை நீட்டுவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"வேன் நிக்காதும்மா. செத்த நேரத்துல கெளம்பிரும்."

"வேன் மட்டும் போகட்டும் சார். நான் அழிக்கல."

தாளை மடிக்காமல் மேசையில் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கீபோர்டை முடக்கும் கம்ப்யூட்டரின் முன்பக்கப் பூட்டிலிருந்த சாவியைத் திருகி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.