நல்ல கால்

விடிவதற்கு முன்பே அவியல் தொட்டியின் வாய் திறந்துவிடும். வெந்த நெல் ஆவி பறக்கத் தள்ளுவண்டியில் சரிந்து, களத்தில் வந்து கொட்டும். சமயநல்லூர் பக்கத்து அந்த அரிசி மில்லில் இன்றைக்கும் காலால்தான் நெல் கிளறுகிறார்கள். பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாகப் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். நடந்த இடத்தில் சால் விழும், அடியில் கிடந்த ஈரம் மேலே வரும். அம்புட்டுச் சூட்டிலும் வெறுங்கால்தான். சோற்றுப் பானையைத் துணி பிடித்து இறக்குகிற நாம் இதை எங்கே நினைத்துப் பார்க்கிறோம்!

வரிசையில் முதலில் நடப்பவள் சோணையம்மாள். இடுப்பில் நரம்பு நசுங்கி அவளுக்கு வருஷக்கணக்காகிறது. இடது தொடையில் புறப்பட்டுக் குதிகால் வரைக்கும் கரண்டு பாய்ந்த மாதிரி வெட்டி இழுக்கும் வலி. சில நாள் சேலை பட்டாலே எரியும். பெரியாஸ்பத்திரியில் தருகிற நரம்பு மாத்திரையை ராத்திரியில் மட்டும் போட்டுக்கொள்வாள். பகலில் போட்டால் தலை கிறங்கும், களத்தில் விழ வேண்டியதுதான். பகலுக்கு அவளிடம் இருந்தது வலது கால் ஒன்றே. பாரத்தையெல்லாம் அதன்மேல் போட்டு, இடதை மெல்ல இழுத்துக்கொண்டு நடப்பாள்.

முன்னே நடப்பவளின் வேகம்தானே வரிசையின் வேகம்? அதனால்தான் மற்றவர்கள் அவளை முன்னே விட்டிருந்தார்கள். பின்னால் நடந்தால் அவள் பிந்துவது மேஸ்திரி கண்ணில் பட்டுவிடும். வலி வெட்டும்போதும் அவள் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள். தெரிந்தால் வேலை போய்விடும். அந்தப் பயம் வலியைவிடப் பெரியது.

அந்த நல்ல காலின்மேல்தான் ஒருநாள் வண்டி சாய்ந்தது. சக்கரத்தின் கடையாணி தேய்ந்து கிடக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "பாப்போம், பாப்போம்" என்றே காலத்தைக் கடத்தினார்கள். சக்கரம் கழன்று, இரும்பு விளிம்பு அவள் பாதத்தில் இறங்கியது.

டவுனில் டாக்டரிடம் கூட்டிப்போனவன் மேஸ்திரி கண்ணுச்சாமி. "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பாவம், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். டாக்டரிடம் மறைக்கலாமா என்று இவளும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணுச்சாமி பக்கத்திலேயே நின்றிருந்தான், படுபாவி. அன்று சாயங்காலமே முதலாளி காதுக்குப் போய்விட்டது.

எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் வலது பாதத்தில் புதிதாக ஓர் எரிச்சல் வந்து குடியேறிக்கொண்டது. பாரம் தாங்கிப் பழகாத இடது காலோ முன்னைவிட மோசமாக வெட்டியது. மாத்திரை கேட்கவில்லை. ஊன்றி நிற்க ஒரு கால் இல்லை. அந்த நிலையில்தான் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலையில் மில்லுக்கு வந்தாள்.

களத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த அசோக்குமார் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குப் பிறகு மில் இப்போது அவன் கையில்.

"ஏம்மா, உனக்கு ஏற்கெனவே நரம்பு வியாதி. அதுக்கு என் வண்டி என்ன பண்ணும்? கட்டுப் போட்டு விட்டேன்ல, அதோட முடிஞ்சுபோச்சு."

"ஏறுனது ஒங்க வண்டிதான மொதலாளி? வைத்தியத்தப் பாத்து விடுங்க. ஒக்காந்து செய்யிற வேலை ஏதாச்சும் குடுங்க. சாக்குத் தைக்கிறேன்."

"வியாதிய மறைச்சு வேலைக்கு வந்தவ நீ. உன்னைய முன்னால விட்டு இவளுக பூராம் ஆடி அசைஞ்சு நடந்து என்னைய ஏமாத்தியிருக்காளுக! இனிமே மாத்திரை திங்கிறவ எவளும் களத்துல எறங்கக் கூடாது. டிரையர் மிஷினுக்குச் சொல்லிருக்கேன். அதுக்கு நரம்பும் கிடையாது, நாக்கும் கிடையாது."

களத்தில் கிளறிக்கொண்டிருந்த வரிசை நின்றது. அதில் மூத்தவள் செல்லத்தாய்.

"அப்ப நானும் எறங்கக் கூடாது மொதலாளி. எம் பாதம் ரெண்டும் மரத்துப்போயிக் கெடக்கு. முள்ளு குத்துனாக்கூட ரத்தத்தப் பாத்துத்தேன் தெரியும்."

"எனக்கு முழங்காலு" என்றாள் மீனா. சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"அப்ப எல்லாரும் போங்கடி! வேன் அனுப்புனா வேற ஆளு வந்து எறங்கும்."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆள் வரும். இல்லாதப்பட்டவர்களுக்கா இந்தப் பக்கம் பஞ்சம்? பின்னாலேயே மிஷினும் வரும். இது தெரிந்தேதான் செல்லத்தாய் நெல்லைவிட்டு வெளியே வந்து சோணையம்மாளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். மீனா வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

"வேணாம் மதினி" என்றாள் சோணையம்மாள். "என்னால ஒங்க வயித்துல மண்ணு விழ வேணாம்."

"நாளைக்கு எங்களுக்கும் இதே கதிதேன். எல்லாருமாத் தல்லாகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போயி மனுக் குடுப்போம். கெடைக்குதோ கெடைக்கலையோ, ஒத்தையில ஒன்னைய விட மாட்டோம்."

சோணையம்மாள் எழப் பார்த்தாள். இரண்டு கால்களிலும் ஒன்றாக வெட்டியது. பழக்கத்தில் பல்லைக் கடித்தாள்.

"அதேன் அவனுக்குத் தெரிஞ்சுபோச்சே, இனி யாருகிட்டடி மறைக்கிற? கத்து!" என்றாள் செல்லத்தாய்.

கத்தினாள். அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல், வருஷக்கணக்காக விழுங்கியது அத்தனையும். அசோக்குமார் எழுந்துவிட்டான்.

"ஏய், வாயப் பொத்தச் சொல்லுங்க!"

யாரும் சொல்லவில்லை. லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வீரணன் முதுகில் இருந்ததைக் கீழே இறக்கிவிட்டுக் களத்தைப் பார்த்து நடந்தான்.

"ஏ வீரணா, நீ எங்கிட்டுப் போற?" கண்ணுச்சாமி அதட்டினான்.

"இடுப்பு வலிக்குதுண்ணே. ரொம்ப நாளா வலிக்குது" என்றபடி அவனும் உட்கார்ந்தான்.

கிளறாத நெல் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. அசோக்குமார் போனை எடுத்து வேனுக்குச் சொன்னான். யாரும் எழுந்திருக்கவில்லை.