சோடியம் புட்டியின் மூடி

...இரண்டு, எட்டு, ஒன்று என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன், அந்தக் கடைசி ஒன்றைச் சுற்றி வட்டமும் இட்டாயிற்று, சோடியம் அணுவின் புறக்கூட்டில் தனித்து நிற்கும் எலக்ட்ரான் இதுவே என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது, மனமோ அடுத்த அறையில் கரிந்து நிற்கும் அலமாரியை விட்டு வர மறுக்கிறது... காலை மழையில் ஓடு ஒழுகி, சோடியம் வைத்திருந்த புட்டிக்குள் நீர் சொட்டித் தீப்பற்றிக்கொண்டது. மலையிலிருந்து வேலைக்கு வந்த ஆய்வகப் பணியாளர் வேடியப்பன் மணலை அள்ளிக் கொட்டி அணைத்தார், வலக்கை கொப்பளித்துவிட்டது. மண்ணெண்ணெயில் மூழ்கிக் கிடக்க வேண்டிய சோடியம் வெளியே தெரிந்தது எப்படி, மூடியைத் தளர்த்தியவன் யார் என்று தலைமையாசிரியர் தெய்வசிகாமணி கேட்டபோது நான் அருகிலேதான் நின்றேன். நின்றேன், அவ்வளவே.

இந்த எழுபத்து மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எத்தனை தட்டுப்பாடு... மூன்று வாரமாக ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை, கச்சிராயபாளையத்தில் மாலையானால் மின்சாரமும் இல்லை, அரையாண்டு விடைத்தாள்களோ வீட்டில் குவிந்து கிடந்தன. விளக்குக்கு ஒரு மசிப்புட்டி அளவுதானே என்று சோடியம் புட்டியிலிருந்து எடுத்தேன், பிறகு இன்னொன்று, நேற்று மூன்றாவது. நேற்று மூடியைத் திருகினேனா? தாழ்வாரத்தில் காலடி கேட்டது, அவசரமாக வைத்துவிட்டு வந்தேன்... திருகவில்லை. போன வாரமே வேடியப்பன் என்னிடம் வந்து, "ஐயா, கிஸ்ணாயிலு கொறஞ்சிக்கினே வருதுங்க" என்றார். ஆவியாகிறது என்றேன். இருபத்தெட்டு ஆண்டு வேதியியல் கற்பித்த வாயால் சொன்னேன்.

அதையே அவர் இன்று திருப்பிச் சொன்னார். "ஆவியாப் போச்சிங்க ஐயா." "மூடி வச்ச புட்டியிலேர்ந்தா? ஏன்யா, உங்க மலையில கிஸ்ணாயிலுக்கு றெக்க மொளைக்குதா?" என்றார் தலைமையாசிரியர், சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள், என் உதடும் அசைந்ததோ... "பெல் அடிச்சதும் ரூமுக்கு வா. எடுத்தது யாருன்னு சொல்லு, இல்லாட்டி நாளையிலேர்ந்து வராத." வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே மாதம் அந்த மனிதருக்கு.

குளோரினுக்கு ஏழு, எட்டாக ஒன்று குறைகிறது, சோடியம் கொடுக்கிறது, குளோரின் ஏற்கிறது, கொடுத்தது நேர்மின் அயனி, ஏற்றது எதிர்மின் அயனி, இனி ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அதுவே நாம் உண்ணும் உப்பு... முன்வரிசைச் செவ்வந்தி எழுந்தாள். "சார், அந்த ஒண்ணக் குடுக்காம அப்படியே வச்சிக்கினா இன்னா ஆவும் சார்?" "இவ பேனாவக் குடுக்காத மாதிரி சார்!" என்றது பின்வரிசை, வகுப்பே சிரித்தது. காற்றும் நீரும் படாதவரை ஒன்றும் ஆகாது அம்மா என்றேன். படாதவரை...

மணி அடித்துவிட்டது. வாசலில் வேடியப்பன், கையில் துணிக்கட்டு. "ரூமுக்குப் போறேங்க ஐயா" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆவின்னே சொல்லிடறேங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க." அவர் பார்வை என் முகத்தில் இல்லை, மேசைமேல் இருந்த என் துணிப்பையில், அதன் அடியில் படிந்த எண்ணெய்க் கறையில் இருந்தது... அப்படியானால் நேற்றுத் தாழ்வாரத்தில் கேட்ட காலடி? குறைந்துகொண்டே வருகிறது என்று போன வாரம் என்னிடம் வந்து சொன்னது, தெரியாமல் சொன்னதா, தெரிந்தே எனக்கு ஒரு வாய்ப்பளித்ததா... அவர் நடந்துவிட்டார், தலைமையாசிரியர் அறைக்கு இருபது அடிகூட இல்லை, சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடியே வாசலைத் தாண்டிவிட்டேன், வேடியப்பன் என்று கூப்பிட வாய் திறக்கிறேன்...