கூரைத் துணிக்குள் போன ஒயர்

பிரேக்கை மிதித்தால் ஃப்யூஸ் போகிறது. புதிது போட்டு மிதித்தால் அதுவும் போகிறது. நேற்றுக் காலையிலிருந்து இதே கதை.

கார் எங்கள் பட்டறை நடுவில் பளபளவென்று நின்றது. எங்கள் மூவரையும்விட வயதில் மூத்த வண்டி. துருப்பிடித்துக் கூடாக வந்ததைத் தம்பி தகடு வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். ஒயரிங் என் பொறுப்பு. சீட்டும் கூரையின் உட்புறத் துணியும் தம்பி மனைவி தைத்தது. நாளைக் காலையில் வண்டியின் சொந்தக்காரரான பல் டாக்டர் அதை எடுத்துப் போக வருகிறார். மகளையும் பேரக்குழந்தையையும் பின் சீட்டில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போகப் போவதாக, பார்க்கும் போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டியிருந்தேன். ஃப்யூஸ் ஒரு நொடியில் எரிந்து வாயை மூடிக்கொள்ளும். பல்பு அப்படி விடாது. ஒயர் எங்காவது வண்டியின் பாடித் தகட்டில் தொட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் எரிந்து காட்டிக்கொடுக்கும். பிரேக் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தேன். பின்னால் போய் இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றினேன். இனி கரன்ட் போக வழியே கிடையாது. முன்னால் பல்பு எரியக் கூடாது.

எரிந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல முழு வெளிச்சத்தில் எரிந்தது.

இந்த வண்டியில் பின்பக்க ஒயர்களெல்லாம் ஒரே கட்டாக, முன் கண்ணாடித் தூண் வழியாக ஏறி, கூரை ஓரமாகவே பின்னால் போகும். தூணில் ஒரு கனெக்டர் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் கோளாறு முன்பாதியிலா பின்பாதியிலா என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் தூணின் மேல் துணி ஒட்டியாகிவிட்டது. நான் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் சோதிக்கும் முன்பே, டாக்டர் வந்து பார்க்கும்போது வண்டி வண்டியாகத் தெரியட்டும் என்று தம்பி உள்ளே எல்லாவற்றையும் மூட வைத்துவிட்டான்.

"மேல நீ எதாவது பண்ணியா?" என்று நேற்றே கேட்டேன்.

"கையே வெக்கலக்கா. நீ விட்ட ஒயரு விட்ட மாதிரியே இருக்கு. டேஷ்போர்டுக்குள்ள பாரு. எலி கடிச்சிருக்கும்."

அவன் பேச்சை நம்பி டேஷ்போர்டைக் கழற்றினேன். தலைகீழாக, கால்களை சீட்டின் முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஒயராக நிறம் பார்த்து, மீட்டர் வைத்து, முனையிலிருந்து முனைக்கு விரலால் தடவித் தேடினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணில் தூசி விழுந்தது. தம்பி பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தான். நேற்று சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு எலிப்பொறிகூட வாங்கி வந்து டயர்களுக்கு நடுவில் வைத்தான். "மாட்டுனா மீசையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உன்கிட்ட மன்னிப்பு கேக்க வெக்கறேன்" என்றான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் அதிகமாக எரிகிறது.

இன்று மத்தியானம் டேஷ்போர்டுக்குள் நான் பார்க்காத ஒயர் ஒன்றும் மிச்சமில்லை. பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தம்பி மனைவி பின் சீட்டின் ஓரத்துக்குத் தைத்த பட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"இன்னும் கிடைக்கலையா அண்ணி? அந்தக் கருகுன ஒயரா இருக்குமோ?"

"எந்தக் கருகுன ஒயரு?"

"அதான், மேல ஓட்டைய அடைக்க வெல்டு வெச்சப்ப கருகுச்சே. நான் துணி இழுத்துக் கட்டும்போது கையில தட்டுச்சு. கேட்டேன். டேப் சுத்தியாச்சு, அக்காவுக்குத் தெரியும்னாரு."

தம்பி பம்பரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். துணி நின்றது. அவன் திரும்பவில்லை.

பல்பின் சூட்டில் ஏதோ தூசி தீய்ந்து வாசம் வந்தது.

"திரும்புடா" என்றேன்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்கா."

"எப்ப? டாக்டரோட பேரக்குழந்தை கல்யாணத்துக்கா?"

"சொன்னா நீ கத்துவ."

"கத்துவேன்னு பயந்துகிட்டு ரெண்டு நாளா எனக்கு டார்ச் பிடிச்சியா நீ? நான் தலைகீழா தொங்கறத வேடிக்கை பாத்துகிட்டு உக்காந்திருந்தியா?"

"அது நல்லா சுத்தித்தான் வெச்சேன். அதுவா இருக்காதுன்னு நெனச்சேன். நீயே வேற எங்கயாவது கண்டுபிடிச்சுடுவன்னு..."

"இல்லாத இடத்துல எப்படிடா கண்டுபிடிப்பேன்?"

அவன் முகம் சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டு நிற்பதுபோல ஆனது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை முறை அம்மாவிடம் அவனுக்காகப் பேசியிருக்கிறேன். இன்று அந்த முகமே ஆத்திரத்தைக் கிளப்பியது. வெல்டிங் தீப்பொறி யார் கையிலும் தெறிக்கும். ஒயர் கருகுவது ஒரு குற்றமா? அரை மணி நேர வேலை. அதைச் சொல்லாமல் துணி போட்டு மூடி, அதன்மேல் ஒரு எலியையும் உண்டாக்கி வைத்தானே.

"கிழிக்க வேணாம்கா" என்றான் மெதுவாக. "தரை வழியா பிரேக்குக்கு மட்டும் தனியா ஒரு ஒயர் விட்டுடலாம். பழச ரெண்டு பக்கமும் கட் பண்ணிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

பிரேக் விளக்கு எரியும்தான். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அதே கட்டில்தான் பெட்ரோல் டாங்கிலிருந்து மீட்டருக்கு வரும் ஒயரும், பின் விளக்கு ஒயரும் இருக்கின்றன. ஒன்று கருகியிருந்தால் பக்கத்தில் இருப்பவை மட்டும் கருகாமலா இருக்கும்? அதற்கு நேர் கீழே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டு போகும்.

"கத்தி எடு" என்றேன்.

"கிழிக்காதீங்க அண்ணி" என்று தம்பி மனைவி குறுக்கே வந்தாள். "தையலைப் பிரிச்சுத் தரேன்." அவள் குரலும் சரியாக இல்லை. அவளிடமும் பொய்தானே சொல்லியிருக்கிறான். முன் சீட்டில் முழங்கால் போட்டு ஏறி, பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். தம்பி உதவ வந்தான். "தொடாதீங்க" என்றாள்.

துணி தொங்கியது. உள்ளே, வெல்டிங் வைத்த இடத்துக்கு ஒட்டி, நான்கு ஒயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒரே கட்டியாக இருந்தன. மேலே சுற்றிய கறுப்பு டேப் சூட்டில் பசை விட்டு அவிழ்ந்து, செம்பு வெளியே தெரிந்தது. ஒரு கட்டையால் அதைப் பாடியிலிருந்து விலக்கினேன். முன்னால் பல்பு அணைந்தது.

கருகிய பகுதியை நான்கிலும் வெட்டி எறிந்தேன். அதே நிறங்களில் துண்டு ஒயர் எடுத்து, ஈயம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறை போட்டேன். முட்டுக் கட்டையை எடுத்து, பின் பல்புகளைத் திரும்ப மாட்டி, ஃப்யூஸைப் போட்டுப் பெடலை மிதித்தேன். பின்னால் இரண்டு சிவப்பும் எரிந்தன.

தம்பி பெருமூச்சு விட்டான். "அவ்ளோதான்கா. தையல் போட்டா முடிஞ்சுது. காலைல வரட்டும் டாக்டர்."

"வேற எங்க வெல்டு வெச்ச?"

"எங்கயும் ஒயர் பக்கத்துல இல்ல."

நேற்றும் இதே குரல்தான். இதே வேகம். நான் ஃபோனை எடுத்து டாக்டரிடம் நாளை வர வேண்டாம், இன்னும் சில நாள் ஆகும் என்று சொன்னேன். அவர் ஏமாற்றத்தோடு ஏன் என்று கேட்டார். ஒயரிங்கை முழுதும் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன்.

"முழுசுமா?" என்றான் தம்பி. "கார்பெட், டோர் பேடு எல்லாம் கழட்டினா பெயின்ட் கீறும்கா. என்னை அவ்ளோகூட நம்ப மாட்டியா?"

பதில் சொன்னால் அதை அப்புறம் திரும்ப எடுக்க முடியாது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு முன் கதவுப் பக்கம் போய் முதல் திருகைக் கழற்றினேன். தம்பி மனைவி துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது திருகு. மூன்றாவது. அவன் அங்கேயே நின்றான். வெளியே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"அங்க இல்ல" என்றான் கடைசியில், தரையைப் பார்த்தபடி. "பின் சீட்டுக்கு அடியில ஒண்ணு இருக்கு."

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டேன்.