அட்மின் எங்கே?

உப்பைப் பாக்கெட்டில் அடைக்கும் கொட்டகையில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. அது அவளுடைய போன் இல்லை. சித்திரையில் செத்துப்போன அவள் புருஷன் கலையரசனுடையது. கூனிமேட்டுப் பக்கம் பைக்கில் வந்துகொண்டிருந்தவனை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் துணிமணியோடு சேர்த்து போனையும் கொடுத்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து அதற்குத் தினமும் சார்ஜ் போடுகிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், வேலைக்கு வருகிறாள். அப்படி இதுவும் ஒன்று. இதுவரை அவள் அழவில்லை. காரியத்தன்று சொந்தக்காரர்கள் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

"இன்னாக்கா, இப்பிடி அடிச்சிக்கினே இருக்குது?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டின் வாயைச் சூடு வைத்து ஒட்டிக்கொண்டிருந்த அஸ்வினி.

"தெரியல. நீ பாரு."

அஸ்வினி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தாள். "வெண்கோள் படத்தைத் திரும்ப எடுக்கிறாங்களாம்க்கா. போஸ்டர் வுட்டுருக்காங்க. அண்ணன் ஒரு பேஜ் வச்சிருந்துச்சே, அதுலதான் எல்லாரும் கத்துறாங்க."

வெண்கோள் பழைய படம். வேற்றுக் கிரகத்தில் இறங்கும் ஒருவனின் கதை. அந்தக் கிரகத்தை இந்த மரக்காணம் உப்பளத்தில்தான் எடுத்தார்கள். கலையரசன் அந்தப் படத்துக்கு 'வெண்கோள் வெறியர்கள்' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினான். அதற்கு அவன்தான் அட்மின். லோடு ஏற்றிவிட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருப்பான். அம்சவள்ளி அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை டிவியில் பார்த்தாள். பாதியில் தூங்கிவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே போனைத் திறந்தாள். போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் ஒரு ஹெல்மெட் கிடந்தது. அதன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. கீழே 'விரைவில்'. அவ்வளவுதான். அதற்கு அடியில் ஆயிரக்கணக்கான பேர் எழுதியிருந்தார்கள். 'வேற லெவல்.' 'புல்லரிக்குது.' 'இது படமா, ஹெல்மெட் கடை விளம்பரமா?' 'வெள்ளை நிலம் எங்கடா?' 'வெள்ளை நிலம் இல்லாம வெண்கோள்னு ஏன் பேரு வைக்கிறீங்க, கருங்கோள்னு வைங்க.' 'போஸ்டரைப் பாத்தே அழறவன்லாம் தியேட்டருக்கு வராத.'

அதற்கும் கீழே போகப் போக வேறொன்று வந்தது. 'அட்மின் எங்கே?' 'இவ்ளோ பெரிய நாள்ல அட்மின் வாயே திறக்கல.' 'மூணு மாசமா ஆளே இல்ல. படக் கம்பெனி அட்மினை வாங்கிட்டாங்க.' 'இத்தனை வருஷம் நம்மளை ஏமாத்துன துரோகி.' ஒருவன் கலையரசனின் தாயையும் இழுத்திருந்தான்.

அம்சவள்ளி எல்லாவற்றையும் படித்தாள். வேறு யாருக்கோ வந்த பேச்சு மாதிரி இருந்தது. தயிர்ச்சோறு புளித்திருந்தது, அதைத் தின்று முடித்துவிட்டு டிபன்பாக்ஸைக் கழுவினாள்.

மறுபடி வேலைக்கு உட்காரும் முன் ஒரு போன் வந்தது. திரையில் 'கௌதமன் வானூர்' என்று காட்டியது. எடுத்தாள்.

"அண்ணே, அப்பாடா எடுத்தீங்களே. உங்களை எப்பிடித் திட்டுறாங்க பாருங்க. ஒரு வார்த்தை எழுதுங்கண்ணே."

"அவர் இல்லீங்க."

"வெளில போயிருக்காரா? எப்ப வருவாரு?"

"இல்லீங்க. செத்துட்டாரு. சித்திரையில."

எதிர்முனையில் அவன் விம்முவது கேட்டது. முகம் தெரியாத ஒரு ஆள் தன் புருஷனுக்காக அழுவதை அம்சவள்ளி போனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். கொட்டகையில் மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி இந்தப் பக்கம் பார்த்தார்.

"நான் எல்லாருக்கும் சொல்லட்டுங்களா?" என்று கேட்டான் கௌதமன்.

"சொல்லுங்க."

சாயங்காலத்துக்குள் பக்கம் முழுக்க கும்பிடு போட்ட கைகளும் அழுகிற மூஞ்சிகளும் வந்துவிட்டன. துரோகி என்று எழுதியவன் 'மன்னிச்சிருங்க அண்ணா' என்று எழுதினான். 'இதுவும் ப்ரொமோஷனா?' என்று ஒருவன் கேட்டதற்கு நூறு பேர் அவனைக் கிழித்தார்கள். யாரோ பக்கத்தில் இருந்த அவன் போட்டோவை வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு போஸ்டர் செய்து போட்டார்கள். கலையரசன் அந்த விண்வெளி உடையில் உப்பளத்தின் நடுவில் நிற்கிறான். மீசையை மெல்லிசாக்கி, நிறத்தைக் கூட்டி, தாடையிலிருந்த மச்சத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். 'இதுதான்டா ஒரிஜினல் போஸ்டர்' என்று எல்லோரும் அதையே பகிர்ந்தார்கள். அப்புறம் அதன் அடியிலேயே ஹெல்மெட் சண்டை மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கௌதமன் நாலைந்து பேரோடு வந்து இறங்கினான். கண்ணாடி போட்ட ஒல்லியான பையன். எல்லோரும் வெண்கோள் என்று அச்சடித்த கறுப்பு டீசர்ட் போட்டிருந்தார்கள். கையில் ஒரு ரோஜா மாலை. வீட்டில் கலையரசன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, உப்பளத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்சவள்ளி கூட்டிப்போனாள். அஸ்வினியும் கூட வந்தாள்.

"ஹீரோ வந்து இறங்குற இடம் எதுங்கக்கா? அண்ணன் எழுதியிருந்தாரு" என்று கேட்டான் கௌதமன்.

அவளுக்குத் தெரியாது. கையை நீட்டி ஒரு பாத்தியைக் காட்டினாள். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"புது போஸ்டரை அண்ணன் ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டாரு" என்றான் ஒருவன்.

"ஏன்? மாத்தித்தான் எடுக்கணும்னு அவரே எழுதினாருல்ல?" என்றான் இன்னொருவன்.

"அது கதையை மாத்தச் சொன்னாரு. நிலத்தையா மாத்தச் சொன்னாரு?"

வரப்பில் நின்று சண்டை போட்டார்கள். கலையரசன் பக்கம் பக்கமாக எழுதியதை மனப்பாடமாகச் சொன்னார்கள். அவன் அடித்த ஜோக்கைச் சொல்லிச் சிரித்தார்கள். வீட்டில் கலையரசன் ஜோக் அடித்ததே இல்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவான்.

"நீங்க சொல்லுங்கக்கா. அண்ணன் இன்னா சொல்லியிருப்பாரு?"

"தெரியலீங்க" என்றாள்.

அதற்குள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மேஸ்திரி தூரத்திலிருந்து கூப்பிட்டார். குவித்து வைத்திருந்த உப்பு நனைந்தால் போச்சு. அம்சவள்ளியும் அஸ்வினியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். பையன்களும் பின்னாலேயே ஓடிவந்து தார்ப்பாயின் நுனிகளைப் பிடித்து இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. கௌதமன் நுனியின்மேல் உட்கார்ந்தே விட்டான். மழை வந்தபோது பெரிய குவியல்கள் எல்லாம் மூடியிருந்தன. ஓரத்தில் இருந்த சின்னது ஒன்று மட்டும் கரைந்து போனது.

மழை விட்டதும் பஸ் ஸ்டாப் வரை கூடப் போனாள். இனி அந்தப் பக்கத்தை அவனே நடத்தட்டும் என்று கௌதமனிடம் சொன்னாள். அவன் தலையாட்டினான். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது அவளாகவே கேட்டாள்.

"எங்களைப் பத்தி எதுனா எழுதுவாரா? வீட்டைப் பத்தி?"

கௌதமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நனைந்த டீசர்ட்டில் துடைத்ததால் அது இன்னும் மங்கியது. "இல்லக்கா. படத்தைப் பத்தி மட்டும்தான்" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதே அன்னிக்கு நீங்க போனை எடுத்தப்பதான் தெரியும்."

"அப்படியா" என்றாள் அம்சவள்ளி.

பஸ் வந்தது. படம் வந்தால் முதல் நாள் அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள். பார்க்கலாம் என்றாள். ஜன்னலிலிருந்து கை ஆட்டினார்கள், அவளும் ஆட்டினாள். திரும்பி வந்தபோது கொட்டகை வாசலில் அஸ்வினி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சொன்னாங்க?"

"படத்தைப் பத்திதான் பேசிக்கினு இருந்தாங்க" என்றாள் அம்சவள்ளி. கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு, தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் தள்ளிவிடப் போனாள்.