கவிழ்ந்த வள்ளத்தின் மறுபக்கம்

திரேஸ்புரம் கடற்கரையில் தார் பூசுவதற்காக ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதனடியில் போய்த்தான் ஹில்டா அழுவாள். வீட்டில் அழுதால் அவள் அம்மா அந்தோணியம்மாளும் கூடச் சேர்ந்து அழுவாள். போன ஐப்பசி அடைமழையில், நாலு வயதுத் தம்பி பாஸ்கல் காய்ச்சலில் போய்விட்டான். எழுபத்து மூன்றாம் வருஷத்து மழை அது. ஹில்டாவுக்குப் பத்து வயது.

சத்தியராஜ் ஊருக்கு வந்ததே தை மாதம்தான். நாசரேத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரின் மகன். எண்ணெய் தேய்த்து வகிடெடுத்த தலை, மணலிலும் கழற்றாத செருப்பு. ஹில்டா அவனை "ஏலே செருப்பு" என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது, அவனுக்கு மீன் வாடை பிடிக்காது. ஆனாலும் அவனோடு பேச அந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவள் வள்ளத்துக்கு அடியில் நுழைவதைக் கண்டு அவனும் தவழ்ந்து உள்ளே போனான்.

"ஏளா, இங்கன என்ன செய்யுத?"

"ஒண்ணுமில்ல. நீ போலே."

முகம் நனைந்திருந்ததை அவன் பார்த்துவிட்டான். அந்த வெட்கத்தில் அவள் வள்ளத்தின் மறுபக்க இடுக்கு வழியாக வெளியேறினாள். அவனும் பின்னாலேயே போனான். வெளியே திரேஸ்புரம் இல்லை.

கடல் தூரத்தில் சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. மீன்கள் ஜன்னலில் நிற்பவர்களைப் போல எட்டிப் பார்த்தன. நண்டுகள் நேராக நடந்தன. எதிரே ஒன்று வந்தால் ஒதுங்கி வழிவிட்டன. அங்கிருந்த மனிதர்கள் முழங்கால் உயரம்தான். ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு சிப்பி ஓடுகள் கதவு போல இருந்தன. கூச்சம் வந்தால் அதற்குள் போய்ச் சாத்திக்கொள்வார்கள். சத்தியராஜ் ஒரு கல்லைச் சிப்பிக்காரர் என்று நினைத்து, "மன்னிச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றான். ஹில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்ததே அன்றுதான்.

சிப்பிக்காரி ஒருத்தி அவர்களை நிறுத்தினாள்.

"எது உறுத்துது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான் சத்தியராஜ்.

ஹில்டா காலால் மணலைக் கிளறியபடி, "என் தம்பி" என்றாள். "மழையில கூட்டிட்டுப் போகாதேன்னு அம்மா சொன்னாவ. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். கப்பல் காட்டுதேன்னு கூட்டிட்டுப் போனேன்."

"தா. உறுத்தாமப் பண்ணிருதேன்."

சத்தியராஜுக்கு ஏனோ பயமாக இருந்தது. "வேண்டாம் ஏளா, வீட்டுக்குப் போவோம்" என்று கையைப் பிடித்தான். அவள் உதறினாள்.

"உனக்கு என்னலே தெரியும்? தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

சிப்பிக்காரி அவள் நெஞ்சிலிருந்து மணல் துகள் போல எதையோ நுனிவிரலில் எடுத்துத் தன் ஓட்டுக்குள் வைத்து மூடினாள். திறந்தபோது மிளகளவு முத்து ஒன்று இருந்தது. அதை ஓர் அலமாரியில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே எண்ண முடியாத முத்துகள் இருந்தன. சத்தியராஜ் குனிந்து பார்த்தான். அந்த முத்துக்குள் ஒரு சின்னப் பையன் மழையில் குதித்துக்கொண்டிருந்தான்.

"போலாமா?" என்றாள் ஹில்டா. அவள் முகம் கழுவி விட்டாற்போல் இருந்தது.

வந்த வழியே திரும்பினார்கள். வீட்டில் அந்தோணியம்மாள் பெட்டியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து வெயிலில் உதறிக்கொண்டிருந்தாள்.

"இது யாரு சட்டைம்மா?"

"விளையாடாத ஏளா."

"நெசமா கேக்குதேன். யாரு சட்டை?"

அந்தோணியம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள். மகளின் கண்ணைப் பார்த்ததும் ஓங்கிய கை அப்படியே தாழ்ந்தது.

சத்தியராஜ் கடற்கரைக்கு ஓடினான். வள்ளத்தின் அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தான். வெறும் மணல்தான். கரையில் கவிழ்ந்து கிடந்த எல்லா வள்ளங்களின் அடியிலும் நுழைந்து பார்த்தான். சட்டையெல்லாம் தார். திரும்பி வந்து அந்தோணியம்மாளிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான்.

அவள் நம்பினாளோ இல்லையோ, திட்டவில்லை.

"அவ அப்பா தோணியில கொழும்பு, கொச்சின்னு போறவரு. புள்ள முகத்தைச் சரியாப் பாத்ததுகூட இல்ல. இனி எம் புள்ளைய நெனைக்க நான் மட்டுந்தானா?"

"பெரியம்மா, எனக்குச் சொல்லுங்க. நான் நெனைக்கேன்."

அவள் சொன்னாள். பாஸ்கலுக்கு நண்டு என்றால் பயம், கடலென்றால் பயமில்லை. ரயிலை 'லயிலு' என்பான். மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, "வெளாடப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தெருவில் இறங்குவான். கேட்டதையெல்லாம் சத்தியராஜ் மாலைதோறும் ஹில்டாவிடம் சொன்னான். அவள் ரசித்துக் கேட்டாள்.

"பாவம்லே அந்தப் பய. நான் பாத்திருக்கணும்."

கப்பல் காட்டக் கூட்டிப்போனதை மட்டும் அவன் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அந்தோணியம்மாள் மெழுகுதிரி ஏற்றிவிட்டுச் சின்னஞ்சிறு குழிமேட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஹில்டா அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு வந்தவளைப் போல மரியாதையாக நின்று பூவைப் போட்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். சத்தியராஜ் தேம்பிக்கொண்டிருந்தான்.

"ஏலே, நீ ஏன் அழுத? நீ அவனப் பாத்ததே இல்லையே."

அவள் தன் பாவாடை நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.