ரேடியோவின் ஜெபக்குறிப்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலைவேளையில் எதுவும் முழுசாகத் தெரியாது. நீராவி எழும்பிக் கூரைக் கண்ணாடியைத் தொடும். அதற்குள் வெயில் இறங்கினால், மனிதர்கள் இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து போவார்கள். இஸ்திரி போடுகிறவளுக்கு அந்த நேரம்தான் பிடிக்கும்; பாதித் தூக்கத்தில் வேலை செய்வதுபோல இருக்கும். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து, மறுபடி விலக வேண்டும். ஒன்பது வருஷமாக எதிர்முனை ரேடியோவின் கையில்.

ரேடியோ என்பது கூடத்தில் வைத்த பெயர். அந்த வாயை நிறுத்த விசையே கிடையாது. இஸ்திரிக்காரியோ கல்லுளிமங்கி. அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் மனசு தாங்காமல், வீட்டுக்காரர் தன்னோடு பேசி மூன்று வாரமாகிறது என்று ரேடியோவிடம் சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைத்தாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை சபையில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டார்கள். ரேடியோ எழுந்தாள்.

"பேர் சொல்ல மாட்டேன். இஸ்திரி போடுற ஒரு சகோதரி. புருஷன் பேசி மூணு வாரமாச்சு."

அந்தச் சபையில் இஸ்திரி போடுகிறவள் ஒருத்திதான். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் காது சிவந்துபோனது.

அன்றோடு அவள் ரேடியோவிடம் பேச்சை அறுத்தாள். ஆண்டவரே, இவளை என் கண்ணில் காட்டாதேயும் என்று ஜெபித்தாள். ஆமென் மட்டும் வாயில் வரமாட்டேன் என்றது. விரிப்புகளைத் தனியாக மடித்துப் பார்த்தாள். முனை தரையில் பட்டுப் பட்டு, பாதி விரிப்புகள் திரும்பத் துவைக்கப் போயின. நீராவிக்குள் முகங்கள் மிதந்து வந்தன. போன வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது சூப்பும் கம்பளியுமாக வாசலில் வந்து நின்ற முகங்கள். யார் சொல்லி வந்தார்கள்? இதே வாய் சொல்லித்தான். அவளுக்குக் கோபம் தீரவில்லை, ஆனால் ரேடியோ இல்லாமல் தாங்கவும் முடியவில்லை.

ஐந்தாம் நாள் விரிப்பின் இரண்டு முனைகளை நீட்டினாள். ரேடியோ ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்ப வலிச்சுது. உன்னை நம்பித்தான் சொன்னேன். ஜெபம் பண்ணணும்னா கடவுள்கிட்ட மட்டும் சொல்லு."

ரேடியோ கண் கலங்க யோசித்தாள். "அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமேக்கா. அதான் மத்தவங்ககிட்ட சொன்னேன்."

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள். மன்னித்தாயிற்று, ஆனால் வீட்டு விஷயம் கொஞ்ச காலத்துக்கு உன் காதுக்கு வராது, அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாது என்றாள். ரேடியோ சரி சரி என்று தலையாட்டினாள். இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

அடுத்த ஞாயிறும் குறிப்பு கேட்டார்கள். ரேடியோ எழுந்ததும் சபையே திரும்பிப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"என் நாக்குக்காக ஜெபம் பண்ணுங்க."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். எல்லோருக்கும் முந்தி இஸ்திரிக்காரியின் வாயிலிருந்து ஆமென் வந்தது.

வீட்டுக்காரர் அவள் பக்கம் லேசாகச் சாய்ந்தார். ஒரு மாசத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"என்ன, ரேடியோ ரிப்பேராயிடுச்சா?"

"இல்லங்க. இப்பத்தான் சரியாச்சு."