பெயிண்டுக்கு அடியில் ஒரு போல்ட்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. விடிந்ததும் அம்மாவை ஆபரேஷனுக்கு எங்கள் வேனில் கூட்டிப்போக வேண்டும். ஒரு வாரமாக நடுரோட்டில் நின்று மானத்தை வாங்கிய வேன் அது. சரிசெய்தது அக்கா, ஆட்டோ எலக்ட்ரீஷியன். எல்லோரும் தூங்குகிறார்கள். ‘நான்’ என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். இனி என் பெயர் ‘தங்கை’.

2

என்ஜின் கம்ப்யூட்டர் என்பது ஒரு மர்மமான இதயம் போல

(வேண்டாம். டிபன் டப்பா அளவு அலுமினியப் பெட்டி. எவ்வளவு எரிபொருள், எப்போது என்று என்ஜினுக்குச் சொல்லும்.)

2, மறுபடியும்

பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் கம்ப்யூட்டர் அவுட் என்று கையை விரித்துவிட்டார்கள்.

“புதுசு மாத்திடலாம்மா,” என்றார் அப்பா.

“பெட்டியைத் திட்டறதுக்கு முன்னாடி அதுக்குக் கரண்டு ஒழுங்கா போய் வருதான்னு பாக்கணும்ப்பா,” என்ற அக்கா, டார்ச் பிடித்திருந்த தங்கையிடம் திரும்பினாள். “ஏய், டார்ச்சை என் மூஞ்சில அடிக்காத. நான் ரிப்பேர் இல்ல.”

என்ஜின் ஓட, மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலிருந்து கரண்டு திரும்பும் எர்த் வயரில் வைத்தாள், மறுமுனையை பேட்டரி மைனஸில். கிட்டத்தட்ட பூஜ்யம். வழியில் அடைப்பு இருந்தால்தான் எண் ஏறும். கோளாறே இல்லை! தங்கை டார்ச்சைப் பெட்டியின் பக்கம் திருப்பினாள். அப்படியானால் பெட்டிதானா?

“சும்மா இருக்கறப்போ எல்லா வயரும் நல்ல வயருதான். ஹெட்லைட் போடு. ஃபேன் போடு. ஹாரனை அமுக்கிட்டே இரு.”

மீட்டரில் எண் எகிறியது. என்ஜின் திணறி அணைந்தது. தங்கை அலறினாள். அக்காவோ லட்டு கிடைத்த மாதிரி சிரித்தாள்.

(ரொம்பப் புகழ்கிறேனா? சரி, ஒரு குறை: கிரீஸ் கையோடு என் தலையணையில்தான் சாய்வாள்.)

வயரைப் பிடித்துக்கொண்டே போய், அது முடியும் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் பளபளவென்று நீலப் பெயிண்ட். பெட்டி, ஹெட்லைட், ஃபேன், ஹாரன் எல்லாவற்றின் கரண்டும் திரும்பும் ஒரே வழியை அது பாதி அடைத்திருந்தது. போன வாரம் போல்ட்டுகளைக் கழற்றி பானெட்டுக்குள்ளேயும் பெயிண்ட் அடித்தவர் அப்பா.

“உங்கம்மா போற வண்டியாச்சேன்னு...” அவர் அந்தப் பெயிண்டை விரலால் தடவினார்.

“கலர் சூப்பர்ப்பா,” என்றாள் அக்கா. “இங்க மட்டும் நகத்தளவு சுரண்டிக்கிறேன்.”

எனக்கு அவளைப் பிடிப்பது மீட்டருக்காக இல்லை, அந்த நகத்தளவுக்காக.

சுரண்டி, இறுக்கி, என்ஜினை ஓடவிட்டு மறுபடி எல்லாவற்றையும் போட்டாள். பூஜ்யத்தை விட்டு எண் அசையவில்லை.

3

முடிவு அ: வேன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. (எனக்கெப்படித் தெரியும்?)

முடிவு ஆ: பாதி வழியில் (எழுத மாட்டேன்.)

“அக்கா, நாளைக்கு நிக்காதுல்ல?” என்று படுக்கும்போது தங்கை கேட்டாள்.

“என்னை ஏன்டி கேக்கற? சாவி ஆணியில தொங்குது. எல்லாத்தையும் போட்டு ஹாரனை அமுக்கிப் பாரு.”

போகிறேன். தெருவே எழுந்து திட்டட்டும். ஹாரனுக்கு அடியில் என்ஜின் சத்தம் தொடர்ந்து கேட்கிறதா என்று நீங்கள் காதைக் கொடுங்கள். கேட்டால், மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் தூங்கியிருப்பேன்.